தயக்கம் யாருக்கு?

'பழங்குடிகளிடம் தடுப்பூசித் தயக்கம்': 2021இல் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன சொல் இது. ஊசியைப் பற்றித் தெரியாத சனம் என்கிற ஏளனம் அதற்குள் இருக்கிறது. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விசத்திலிருந்துதானே நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது!

கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் பயம் ஊசிமேல் இல்லை, வண்டிமேல். 2011 நவம்பரில், திருக்கோவிலூர் பக்கம் தி.மண்டபத்து இருளர் பெண்கள் நான்கு பேரைப் போலீசார் ராத்திரியில் ஏற்றிக்கொண்டுபோய் வன்புணர்ந்ததாகப் புகார். அப்புறம் சர்க்கார் ஜீப் சத்தம் கேட்டால் சனம் கை நீட்டுமா, காட்டுக்குள் ஓடுமா?

அட்டை இல்லாதவர்க்கும் போடலாமென்று 2021 மே மாதம் மத்திய அரசு நெறிமுறை தந்தது. அதற்கும் அட்டையும் செல்போனும் உள்ள பொறுப்பாளர் ஒருத்தர் வேணுமாம். திண்டிவனத்துச் செங்கல் சூளையில் அவர் யார், முதலாளியா? காக்கி இல்லாமல், இருளச்சி ஒருத்தியை முன்னேவிட்டுப் போனார்களா என்று நான் படித்த செய்தி எதுவும் கேட்கவில்லை.