ரயிலை எடுத்துவிட்டுப் பாருங்கள்

மாடல் ரயில் கண்காட்சிக்குப் போனால் எல்லோர் கண்ணும் முதலில் இன்ஜின் மேல்தான் விழும். விழட்டும், அதற்காகத்தானே அது ஓடுகிறது. ஆனால் ஒரு லேஅவுட், அதாவது தண்டவாளமும் ஸ்டேஷனும் ஊரும் பொட்டலும் சேர்ந்த அந்த மேசை உலகம், தேறுமா தேறாதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனை உண்டு. ரயில் ஓடி மறைந்த பிறகு மிச்சமிருப்பதைப் பார்ப்பேன். ஸ்டேஷன் பெயர்ப்பலகையையும் கண்ணிலிருந்து மறைத்துக்கொள்வேன். இது எந்தச் சீமை, எந்த மாதம், பகலில் எந்நேரம் என்பதைத் தரையே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் செய்தவர் கைக்கு ஒரு கும்பிடு. சொல்லவில்லை என்றால், அவரிடம் நல்ல ரயில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மேசை உலகம் நமக்குப் புதிதும் இல்லை. நவராத்திரியில் கொலுப்படிக்குக் கீழே மணலைப் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவிட்டுப் புல்தரையாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதித்து, அதைச் சுற்றிச் சாவி ரயிலை ஓடவிட்ட வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அந்தப் பூங்காவில் வாத்து ரயிலைவிடப் பெரிதாக இருக்கும். செட்டியார் பொம்மை மலையைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் கேட்பதில்லை. கொலுவில் அளவுக்கு வேலையில்லை, சேர்த்து வைப்பதுதான் சந்தோஷம். மாடல் ரயில் கலை தொடங்குவது இதற்கு அடுத்த படியில். எல்லாவற்றையும் ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்ததும் விளையாட்டு வேறு விளையாட்டாகிவிடுகிறது.

அந்தப் படிக்கு வந்தவர்களில் இரண்டு வகை பார்க்கலாம். புனேயில் பி.எஸ். ஜோஷி வாழ்நாள் பொழுதுபோக்காகச் சேர்த்தும் செய்தும் வைத்தவை 1998இல் சிறு ரயில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. அங்கே இருப்பது ஒரு கற்பனை நகரம். விளக்கணைத்து இரவாக்கினால் தெருவிளக்கெல்லாம் எரிய, வெவ்வேறு ரயில்கள் ஒன்றையொன்று கடந்து போகும், குழந்தைகள் கூச்சலிடுவார்கள். அது திருவிழா அழகு. இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இருக்கும் பெண்டன் அருங்காட்சியகம் வேறு மாதிரி. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், தாம் பார்த்து மயங்கிய பள்ளத்தாக்குக் கிராமங்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருப்பதைக் கண்டு, போவதற்குள் அளந்து வைத்துவிடுவோம் என்று 76இல் ஒரு பங்கு அளவில் வீடு வீடாகச் செய்ய ஆரம்பித்தார். அங்கேயும் ரயில் ஓடுகிறது. ஆனால் பார்க்கிறவர் கூரையின் வேய்ச்சலையும் தோட்டத்துச் செடியையும் விட்டு நகர்வதில்லை. என் ஓட்டு பெண்டனுக்கு. செட்டிநாட்டைச் செய்ய நினைக்கிறவர் போக வேண்டிய வழியும் அதுதான்.

ஏன் செட்டிநாடு? தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை, மறுவருஷம் காரைக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது. அதில் திருமயத்துக்கும் கோட்டையூருக்கும் நடுவே, கானாடுகாத்தான்காரர்கள் இறங்கும் ஸ்டேஷனுக்குச் செட்டிநாடு என்றே பெயர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் செட்டிநாட்டு நகரத்தாரின் லேவாதேவி உச்சத்துக்கு வந்து, உலகப் பொருளாதார மந்தத்தால் ஆட்டம் காணத் தொடங்கிய வேளை அது. பன்னிரண்டு வருஷத்தில் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்துவிட்டான். ஆக, இந்தப் பாதை ஒரு சீமையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்தே சுமந்த பாதை. மீட்டர்கேஜ் தண்டவாளம் இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்துக்குள் பெயர்க்கப்பட்டு அகலப்பாதையாகிவிட்டது. அளந்து வைக்க வேண்டிய காலம் வந்தாயிற்று.

கணக்கும் சாதகமாக இருக்கிறது. உலகில் அதிகம் புழங்கும் மாடல் அளவு 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். கடையில் வாங்கிய தண்டவாளத்தில் இந்திய அகலப்பாதை ரயிலை ஏற்றினால், பெரிய உடம்புக்குச் சின்னக் கால் வைத்ததுபோல் நிற்கும். பழகிய கண்ணுக்கு அது உறுத்தும். மீட்டர்கேஜுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆயிரத்தை வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர்கேஜ் என்பதால், அவற்றின் மாடல்களுக்கென்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகவே விற்கிறது. பனிமலைக்குச் செய்த தண்டவாளம் செம்மண் காட்டுக்கு அரை மில்லிமீட்டர் பிசகோடு பொருந்துகிறது. இன்ஜினைத்தான் பித்தளைத் தகட்டிலோ பிளாஸ்டிக் அட்டையிலோ கையால் செய்ய வேண்டும், அல்லது முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும். 1949 தொடங்கி வந்த ஒய்பி வகை நீராவி இன்ஜினை எடுத்துக்கொண்டால் காலம் தானே முடிவாகிவிடும்: சுதந்திரத்துக்குப் பிந்தைய மீட்டர்கேஜ் நாட்கள். அதற்குப் பக்கத்தில் ரங்கூனுக்குக் கணக்கெழுதப் போகும் 1930ஆம் வருஷத்து ஏஜெண்டை நிறுத்தக் கூடாது. ஒரே மேசையில் இரண்டு காலம் கலந்தால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அது கொலுதான்.

அடுத்தது இடம். கண்காட்சிக்குத் தூக்கிப்போக வசதியான மேசை எட்டடி நீளம். அந்த எட்டடி நிஜத்தில் சுமார் 212 மீட்டர்; ஒரு நீண்ட பிளாட்பாரத்துக்கே சரியாகப் போய்விடும். எனவே விட வேண்டும். இன்ஜினும் நான்கு பெட்டியும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரும், அந்த ரயிலுக்கு ஏற்ற பிளாட்பாரம் போதும். எதை விடுவது என்பதில்தான் ஆளின் ரசனை வெளிப்படும். செட்டிநாடு என்றதும் கை முதலில் போவது மாளிகை வீட்டுக்கு. முகப்பில் சுதைக் கஜலட்சுமி, பர்மா தேக்குத் தூண், வளவு, இரண்டாங்கட்டு, கூரையெல்லாம் நாட்டு ஓடு. ஆசை நியாயம்தான். ஆனால் முன்தெருவில் வாசலும் பின்தெருவில் கொல்லைக் கதவுமாக 200 அடி ஓடும் வீடு என்றால் மாடலில் 70 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும். மேசையின் அகலமே இரண்டடி. முகப்பை மட்டும் அட்டைபோல் பின்னால் ஒட்டலாம் என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ஊர் ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கியவனுக்கு முதலில் தெரிவது வெயிலும் செம்மண்ணும்தான். ஆத்தங்குடித் தரைக்கல்லை அந்த அளவில் இரண்டே கால் மில்லிமீட்டருக்குச் செய்து காட்டலாம். செய்தவர் திறமை தெரியும், செட்டிநாடு தெரியாது.

மாளிகையை வேறு வழியாகக் கொண்டுவரலாம். பிளாட்பாரத்தின் ஓரத்தில் கல்யாணத்துச் சீர்ச் சாமான் இறங்கியிருக்கட்டும்: பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, தகரப் பெட்டிகள், கயிற்றால் கட்டிய பாய்ச் சுருள். ஸ்டேஷன் வாசலில் மாடு அவிழ்த்த ஒரு வண்டி. இவ்வளவு சாமானும் எந்த வீட்டுக்குள் போகும் என்று பார்க்கிறவர் மனசு தானே ஒரு வீடு கட்டிக்கொள்ளும்.

நிலத்தைச் சொல்ல நம்மிடம் தொல்காப்பியர் காலத்திலிருந்தே ஒரு முறை இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்கிறவையும் அங்கு நடக்கும் தொழிலும் கருப்பொருள், இரண்டும் தாங்கி நிற்கும் உணர்வு உரிப்பொருள். லேஅவுட்டை இந்த மூன்றையும் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வறண்ட செட்டிநாட்டுக்குப் பாலை நன்றாகவே பொருந்தும். அதற்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. அதிலும் பொருள் தேடப் போகும் பிரிவு. மூன்று வருஷக் கணக்குக்கு ஆட்களைக் கடல் கடந்து அனுப்பிய சீமையில் ரயில்வே ஸ்டேஷனைவிடப் பாலையான இடம் எது? இதில் ஒரு கைத்தொழில் லாபமும் இருக்கிறது. கண்காட்சிக் கூடத்தில் விளக்கு தலைக்கு மேல்தான் இருக்கும். நிழல் எல்லாம் காலடியில்தான் விழும். காலையோ மாலையோ செய்தால் அந்த நிழல் பொய் சொல்லும். உச்சிவெயிலைச் செய்தால் கூடத்து விளக்கே சூரியனாகிவிடும்.

இனி மண். கடையில் கிடைக்கும் பழுப்புத் தூளில் இந்த நிறம் வராது. அந்தப் பக்கத்துச் செம்மண்ணையே கொண்டுவந்து, வாணலியில் வறுத்து, மாவுச் சல்லடையில் ஒருதரம், பழைய வாயில் துணியில் ஒருதரம் சலிக்க வேண்டும். பிறகு முக்கியமான வேலை: காகிதத்தில் மெல்லப் பரப்பி அதன் மேல் காந்தத்தை ஓட்டுவது. செம்புராங்கல் பூமி இரும்புப் பூமி. காந்தத்தில் கரும்பொடி மீசைபோல் முளைத்து நிற்கும். அதை எடுக்காவிட்டால் ஓடுகிற இன்ஜினின் மோட்டார் காந்தம் எடுத்துக்கொள்ளும், இன்ஜின் கண்காட்சி நடுவில் நின்றுவிடும். மண்ணைத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு சேர்த்து ஊசிக் குழலால் சொட்டுச் சொட்டாக விட்டால், பசை மேலே திரளாமல் உள்ளே இறங்கும். காய்ந்ததும் மண் ஒரு படி கறுத்துப்போகும். நேற்று மழை பெய்ததுபோல் இருக்கும். வேனிலுக்கு அது ஆகாது. அதனால் தூவும்போதே கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி கலந்து வெளுக்க வைப்பார்கள். ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை மட்டும் இன்னும் வெளுப்பாக இருக்க வேண்டும். பிளாட்பாரத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும், வண்டி நிற்கும் இடத்துக்கும் அந்த வெளுப்பு போகிறதா என்று பாருங்கள். போனால் அந்த ஊரில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

மரத்துக்கு மின்கம்பியின் செப்பு இழைகளே போதும். முறுக்கி, பிரித்து, இலை குறைவாக ஒட்டினால் கருவேலம். காய்ந்த தேயிலைச் சக்கை சருகு. சணல் நாரை நறுக்கி நட்டால் காய்ந்த புல். பச்சையைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். வெளிநாட்டுப் பொட்டலத்தில் வரும் புல்தூள் எல்லாம் அந்த ஊர் மழைக்கு வளர்ந்தது. ஸ்டேஷன் வேப்பமரம் ஒன்று அடர்த்தியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதன் நிழலுக்கு ஏங்கட்டும்.

மனிதர்களை வைப்பதில்தான் கெட்டிக்காரர்களும் சறுக்குவார்கள். மீட்டர்கேஜ் ஒற்றைவழிப் பாதையின் அழகான காட்சி டோக்கன் மாற்றுவது. பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் டோக்கன் இருக்கும். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை உன்னுடையது என்பதற்கு அதுதான் சாட்சி. பாயிண்ட்ஸ்மேன் கையைத் தூக்கி நீட்ட, இன்ஜினிலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு மில்லிமீட்டர் வளையம் செய்வது பெரிதில்லை. தடித்த பேனா ரீஃபிலில் செப்பு இழையை ஒரு சுற்றுச் சுற்றி வெட்டினால் வந்துவிடும். ஆனால் ரயில் போன பிறகும் அந்த ஆள் கையைத் தூக்கியபடியே நிற்பார், கண்காட்சி முடியும் வரை! ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் உறைந்துபோன ஓட்டம் பொய்யாகத் தெரியும். தேர்ந்தவர்கள் அசைய அவசியமில்லாத ஆட்களையே வைப்பார்கள்: பெட்டி மேல் சாய்ந்து தூங்குகிறவர், பெஞ்சில் வெற்றிலை மடிப்பவர், நிழலில் குந்தியிருக்கும் போர்ட்டர். வளையத்தைக் கம்பத்தில் மாட்டிவிட்டால் போதும். ஒரு மணி நேரம் பார்த்தாலும் அவர்கள் பொய்யாக மாட்டார்கள். காத்திருக்கிறவனுக்கு அசைவு எதற்கு?

ஓட்டுவதிலும் இதே அடக்கம் வேண்டும். பின்னணித் திரைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத தண்டவாளங்களில் அடுத்தடுத்த ரயில்கள் வரிசையில் நிற்கும். கைகாட்டி இறங்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், பிறகுதான் ரயில் மெதுவாக நுழைய வேண்டும். 12 வோல்ட் மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் பாசஞ்சர் வண்டி ராக்கெட்டாகிவிடும். ஊர்ந்து வந்து குலுங்காமல் நிற்கிற இன்ஜினில்தான் செய்தவரின் பொறுமை தெரியும். இரண்டு ரயிலுக்கு நடுவே ஒன்றுமே நடக்காத மூன்று நிமிஷத்தைத் தாங்குகிற துணிச்சல் பலரிடம் இல்லை. கூட்டம் நகர்ந்துவிடுமே என்று பயந்து சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள். தரை நன்றாக இருந்தால் கூட்டம் நகராது. அந்த மூன்று நிமிஷத்தில்தான் தரையைப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு செட்டிநாடு ஸ்டேஷனை முதலில் காட்ட வேண்டியது சென்னையில் இல்லை, காரைக்குடியில். பெருநகரத்துக் கூட்டம் நுணுக்கத்தைப் பாராட்டிவிட்டுப் போய்விடும். இங்கே வருகிறவர்கள் தப்புக் கண்டுபிடிப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு புளியமரம் நின்றதே என்பார் ஒருவர். தண்ணீர்த்தொட்டி அந்தக் கோடியில் அல்லவா இருந்தது என்பார் அந்தப் பாதையில் வேலை பார்த்த ஒருவர். இரண்டு பேரும் சண்டைகூடப் போடலாம். இங்கிருந்தவர்கள் மட்டுமே போடக்கூடிய சண்டை அது. பொம்மையாக நினைத்திருந்தால் யாரும் திருத்த மாட்டார்கள். மேசை ஓரத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டு, சொல்வதையெல்லாம் எழுதச் சொல்லி, அடுத்த வருஷக் கண்காட்சிக்குள் மரத்தை மாற்றி நட வேண்டும். மீட்டர்கேஜ் நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும்போதே அந்த நோட்டை நிரப்பிக்கொள்வது நல்லது.