சொந்த மைதானத்துக் கொத்தும் வெளி மைதானத்துப் பார்சலும்

மஹேல ஜயவர்தன டெஸ்ட் போட்டிகளில் எடுத்த ஓட்டங்கள் 11,814. சராசரி 49.84. இந்த எண்களோடு இரசிகர் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். அலசல் எழுதுகிறவருக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இலங்கை மண்ணில் மஹேலவின் சராசரி ஏறத்தாழ 60, வெளிநாட்டு மண்ணில் 40ஐ ஒட்டி. குமார் சங்கக்கார 134 டெஸ்ட்டில் 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40. கடல் கடந்து போனபோதும் அவர் 50க்குக் கீழே இறங்கவில்லை. இருவரும் பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஆனால் மஹேலவை நம்புவதற்கு முன் ஆட்டம் எந்த ஊரில் என்று கேட்க வேண்டியிருந்தது.

இதே இருவரும் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவோடு சேர்ந்து 2011இல் கொழும்புக் கோட்டையில், பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் ‘மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்’ என்ற நண்டு உணவகத்தைத் திறந்தார்கள். ஆகவே கிரிக்கெட் பத்தியில் சாப்பாட்டைப் பற்றி எழுதுவது முறைகேடல்ல. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளை நானும் மனைவியும் கொஞ்சக் காலமாக ஆட்டக்காரரை அலசுவது போலவே அலசி வருகிறோம். மனைவி பாடசாலைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிறவர். அவருடைய அளவுகோல் என்னுடையதை விடக் கடுமையானது.

அவர் எப்போதும் எடுத்துச் சொல்லும் பெயர் தர்ஜினி சிவலிங்கம். ஈவினைக் கிராமத்திலிருந்து போய் 2009இலும் 2018இலும் இலங்கைக்கு ஆசியக் கிண்ணத்தை வெல்ல உதவியவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லோரையும் விட அதிக கோல் போட்டவர். உயரம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு மனைவி விடாமல் வாதாடுவார். “உயரம் பந்தைப் பிடிக்க உதவும். நேற்றுப் போட்ட மாதிரியே இண்டைக்கும் போடுறதுக்குப் பழக்கம்தான் வேணும்.” கடைகளையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார். போன மாதம் சாப்பிட்ட அதே புட்டு இன்றைக்கும் அதே பதத்தில் வருகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி.

நம்முடைய ஆட்கள் கடைகளைப் பற்றிச் சொல்லும் தீர்ப்புகளில் பெரிய குறை, ஒருநாள் சாப்பாட்டை வைத்துச் சொல்வது. அந்த ஒருநாளும் பெரும்பாலும் கூட்டமான நாளாக இருக்கும். கூட்டமான நாளில் எந்தக் கடையும் ஓரளவுக்கு நன்றாகவே சமைக்கும். இறக்கிய கறி அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், அடுத்த சட்டி அடுப்பில் ஏறிவிடும், பழைய சாமான் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடையின் உண்மையான ஃபோர்ம் மெலிந்த நாளில்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் மெலிந்த நாள் எது என்பது கடையைப் பொறுத்தது. சைவ வீடுகளில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. சில வீடுகளில் செவ்வாயும் அப்படித்தான். அன்றைக்குச் சைவக் கடைகளில் இடம் பிடிப்பதே பாடு. ஆகவே சைவக் கடையைப் புதன் அல்லது சனி மத்தியானம் சோதிக்க வேண்டும். கோழிக் கொத்துக் கடையை வெள்ளி இரவில் சோதிக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மச்சக் கடைகளுக்கு அதைவிடப் பெரிய சோதனைக் காலம்.

வெள்ளி இரவுச் சோதனையில் ஒரு கடை எங்களை மிகவும் ஏமாற்றியது. சனி, ஞாயிறில் நாங்களே நண்பர்களுக்குச் சிபாரிசு செய்து வந்த கடை அது. தட்டு வந்ததும் மனைவி ஒரு றொட்டித் துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். நடுப்பகுதி மெத்தென்று இருந்தது, ஓரம் அட்டை போல விறைத்திருந்தது. காலையில் போட்ட றொட்டியை இரவில் வெட்டினால் அப்படித்தான் வரும். கோழித் துண்டுகளில் இறைச்சி நாராகப் பிரிந்தது.

“இது நேற்றைய கோழி, அப்பா.”

“எனக்கு அப்படித் தெரியேல்லை. தூள்தான் கூடிப்போச்சு.”

“தூள் ஏன் கூடினதெண்டு யோசியுங்கோ.”

யோசித்தேன். அவர் சொன்னது சரி. திரும்பச் சூடாக்கிய கறியின் வாசத்தை மறைக்க மிளகாய்த்தூளை அள்ளிப் போடுவது பல குசினிகளில் நடக்கிறது. உறைப்பு என்றாலே யாழ்ப்பாணச் சுவை என்று வெளியூர்ப் பயணிகளும் இப்போது நம்பிவிட்டார்கள். இது எனக்கு மனவருத்தம் தரும் விசயம். நம்முடைய கறித்தூளில் மிளகாயோடு கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வறுபட்டுச் சேருகின்றன. நாக்கு எரிந்து மரத்துப் போனால் அவற்றில் ஒன்றுமே தெரியாது.

மறைக்க முடியாத ஒன்று உண்டு. அது சொதி. தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி. இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இரண்டாவது தடவை கொதிக்க வைத்தால் பால் திரைந்து மேலே எண்ணெய்த் துளிகள் மிதக்கும், புளிப்பும் மாறிவிடும். எந்தக் கடைக்குப் போனாலும் நாங்கள் முதலில் ஒரு கரண்டி சொதியை வெறுமையாகக் குடித்துப் பார்ப்போம். “அண்ணை, சொதி கொஞ்சம் விடுங்கோ” என்று இரண்டாந்தரம் கேட்கும்போது வருவது முதல் வந்ததைப் போலவே இருந்தால், அந்தக் குசினியில் கவனமான ஒருவர் நிற்கிறார் என்று பொருள்.

இருந்து சாப்பிடுகிற பிரிவில் என்னுடைய முதலிடம் நகரின் கடைத்தெருவில் உள்ள மலாயன் கபேக்கு. சைவக் கடை. பளிங்குக்கல் மேசை, மரக் கண்ணாடி அலுமாரி, சுவரில் சுவாமி படங்கள், வாழையிலையில் சோறு. சாப்பிட்டு முடிய இலையை மடித்துக்கொண்டு போய்க் கைகழுவும் இடத்தில் சுவரிலுள்ள துவாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அலங்காரத்துக்குச் செலவழிக்காமல் வேகத்துக்கும் சுத்தத்துக்கும் வழி கண்டுபிடித்த கடை அது. இலை போட்ட கையோடு சோறு வரும், சோறு வந்த கையோடு கறிகள் வரும். மத்தியானக் கூட்டத்தில் இப்படி ஓட்டம் குறையாமல் பரிமாறுவது பயிற்சி பெற்ற அணியின் வேலை.

மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய முதலிடம் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்துக்கு. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துவது. தோசை, புட்டு, வடை, கூழ், இலைக்கஞ்சி என்று ஒவ்வொன்றும் வாங்குகிறவரின் கண் முன்னாலேயே ஆகிறது. வரிசையில் நிற்க வேண்டும், தட்டை நாமே எடுக்க வேண்டும், மேசைக்கு வந்து உபசரிக்க ஆளில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் குறையாகத் தெரியும். “உங்களுக்கு உபசாரம் வேணும், எனக்குச் சாப்பாடு வேணும்” என்றார் மனைவி. விலையையும் அவர் கணக்கில் எடுத்தார். சம்பளக்காரக் குடும்பமும் பல்கலைக்கழகப் பிள்ளையும் கையைக் கடிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகக்கூடிய இடம் அது.

விவாதம் முடியவில்லை. ஆனால் அம்மாச்சி ஏன் ஒரே சீராக ஓடுகிறது என்பதில் இருவருக்கும் ஒரே முடிவு. அங்கே ஒரு தடவைக்கு ஆகும் அளவு சிறியது, சமைக்கும் கை மாறுவதில்லை. பருத்தித்துறை ஓடக்கரைத் தோசைக்கும் இதே காரணம்தான். மா கரைத்தவரே கல்லில் ஊற்றுகிறார், ஊற்றியவரே எடுத்துத் தருகிறார். பெரிய ஹோட்டலில் மா ஒருவர், சம்பல் ஒருவர், பரிமாறுகிறவர் இன்னொருவர். ஒருவர் லீவு எடுத்தால் சுவை மாறுகிறது. நல்ல மாஸ்டர் ஒருவர் வெளிநாடு போனால் கடையே வேறாகிவிடுகிறது, பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும்.

இனிப் பார்சல். மஹேலவின் கணக்கு இங்கேதான் உதவுகிறது. கடையில் சுடச்சுடச் சாப்பிட்ட கொத்து சொந்த மைதானம். அதையே கட்டிக்கொண்டு மானிப்பாய்க்கோ கொக்குவிலுக்கோ வந்து பிரித்தால் வெளி மைதானம். பல கடைகளின் கோழிக் கொத்து இருபது நிமிடத்தில் பாதி மதிப்பை இழக்கிறது. சுற்றிய தாளுக்குள் ஆவி அடங்கி, றொட்டி குழம்பைக் குடித்துக் களியாகிவிடுகிறது. இடியப்பக் கொத்து கட்டிபடும். வெளி மைதானத்தில் சங்கக்கார மாதிரி நிற்பது புட்டு. ஆவியில் அவிந்த சாமான் என்பதால் இன்னும் கொஞ்சம் ஆவி அதைக் கெடுப்பதில்லை. குழம்பைத் தனியே கட்டித் தந்தால் வீட்டிலும் கடையில் இருந்த அதே பதம். கடைக்காரர்கள் இதைக் கவனித்தால் நல்லது: கொத்துக்குக் குழம்பை உள்ளே விட்டுக் கட்டாதீர்கள். மிதிவெடி, றோல்ஸ், பற்றிஸ் எல்லாவற்றையும் ஒரே பையில் சூட்டோடு அடுக்கி முடிச்சுப் போடாதீர்கள். பத்து நிமிடம் பையின் வாய் திறந்திருந்தால் மொறுமொறுப்பு மிஞ்சும்.

பருத்தித்துறை வடைக்கு இந்தக் கவலை கிடையாது. தட்டையாகத் தட்டி ஈரமில்லாமல் பொரித்தெடுப்பதால் கொழும்புக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் அப்படியே இருக்கும். குடாநாட்டில் வெளி மைதானச் சராசரி மிகக் கூடியது அதற்குத்தான்.

பார்சலில் சுவையை விடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. பொலித்தீன் லஞ்ச் சீற்றை இலங்கை அரசு 2017 செப்டெம்பரில் தடை செய்தது. இருந்தும் கொதிக்கும் சொதியை மெல்லிய பொலித்தீன் பையில் விட்டு இறப்பர் வளையம் போட்டுத் தரும் வழக்கம் போகவில்லை. மனைவி மூடியுள்ள பாத்திரம் கொண்டுபோகிறார். ஒரு கடையிலும் மறுத்ததில்லை. சில கடைகளில் ஒரு கரண்டி கூடவே விட்டார்கள்.

நண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து நண்டுக் கறி என்ற பெயர் உலகமெங்கும் போயிருக்கிறது. ஆனால் நம்முடைய கடலிலும் களப்பிலும் பிடிபடும் நீல நண்டில் நல்லதெல்லாம் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவதை வைத்து ஹோட்டல்கள் சமைக்கின்றன. இறக்கும் நேரத்தில் முருங்கையிலை போட்டு மூடுகிற பக்குவத்தைக் கடைகளில் நாங்கள் அபூர்வமாகவே கண்டோம். நண்டும் ஒடியல் கூழும் வீட்டுச் சமையல் என்பதே எங்கள் இருவரின் தீர்ப்பு. கூழ் பத்துப் பேர் சுற்றியிருந்து பலா இலையில் குடிக்க வேண்டிய சாமான்.

ஐஸ்கிறீமில் எங்களுக்குள் சண்டையே இல்லை. நல்லூரில் ரியோ. திருவிழாக் காலத்துச் சனத்தையும் மழைக்கால வெறுமையையும் ஒரே கை அளவோடு சமாளிக்கிறார்கள்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 நடுப்பகுதியில் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. காசு இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பல கடைகள் விறகுக்குத் திரும்பின, சில பூட்டப்பட்டன. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஒவ்வொரு குசினிக்கும் என் மரியாதை உண்டு. அதற்காகப் பழைய கோழியைச் சாப்பிட வேண்டும் என்றில்லை.

அன்றைக்கு அந்த வெள்ளி இரவில் காசு கொடுக்கும் இடத்தில், “சாப்பாடு எப்படி, சேர்?” என்று முதலாளி கேட்டார். “பரவாயில்லை” என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டு, “தம்பி, றொட்டி காலமையான், கோழியும் இண்டையான் இல்லை” என்று சத்தம் போடாமல் சொன்னார். முதலாளியின் முகம் சுருங்கியது, ஆனால் அவர் மறுக்கவில்லை. பிறகொரு வெள்ளிக்கிழமை போனபோது அங்கே கோழிக் கொத்து இல்லை. முட்டைக் கொத்தும் மரக்கறிக் கொத்தும் மட்டும், றொட்டி அப்போதுதான் கல்லிலிருந்து இறங்கியிருந்தது. முட்டைக் கொத்து எடுத்தோம், நன்றாக இருந்தது.

பயிற்றுநர் தவறைச் சொல்லாவிட்டால் ஆட்டக்காரர் திருந்துவதில்லை. பிடிக்காத கடையைப் பற்றி ஊரெல்லாம் பேசிவிட்டு அந்தக் கடைக்காரரிடம் மட்டும் “பரவாயில்லை” என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். அடுத்த தடவை காசைக் கொடுக்கும்போது, நல்லதென்றால் எது நல்லது என்றும் குறையென்றால் எது குறை என்றும் மரியாதையாக ஒரு வசனத்தில் அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.