ஆய்விதழ் மேற்கோள் முறையும் தமிழ்ப் பெயர்களும்: அத்திரம்பாக்கத்தை முன்வைத்து

ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில், பிறர் ஆய்வைப் பயன்படுத்திய இடத்தைச் சுட்டுவது மேற்கோள் குறிப்பு. அவற்றின் முழு விவரங்களையும் இறுதியில் தொகுத்துத் தருவது உசாத்துணைப் பட்டியல். மாணவர்களுக்கு இவை பெரும்பாலும் காற்புள்ளி, அடைப்புக்குறி, சாய்வெழுத்து சார்ந்த வேலையாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் மேற்கோளின் நோக்கம் அழகு அல்ல. ஒரு கூற்றை வாசகர் தானே சென்று சரிபார்க்க வழி விடுவதே அதன் நோக்கம். இன்று வழங்கும் மேற்கோள் முறைகள் தமிழ்ப் பெயர்களிடமும் தமிழக ஊர்ப்பெயர்களிடமும் இந்த நோக்கத்தில் எங்கே தவறுகின்றன என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டமே நல்ல சான்று.

அத்திரம்பாக்கத்தின் மூன்று கட்டுரைகள்

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள தொல்பழங்கால இடம் அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதத்தில் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். தம் கண்டுபிடிப்புகளை 1866இல் 'மதராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்.

இக்காலத்தில் இரண்டு கட்டுரைகள் முக்கியமானவை. 2011இல் 'சயின்ஸ்' இதழில் சாந்தி பப்பு உள்ளிட்ட 7 பேர் எழுதியது, அங்குள்ள அச்சூலியன் கருவிகளுக்குச் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமையைக் கணித்தது. 2018இல் 'நேச்சர்' இதழில் குமார் அகிலேஷ் உள்ளிட்ட 6 பேர் எழுதியது வேறொரு கேள்வியைப் பற்றியது. அங்கே இடைப் பழங்கற்காலப் பண்பாடு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பது அதன் முடிவு.

முதலாவது காஸ்மிக் கதிர்களால் உருவாகும் ஐசோடோப்புகளையும் தொல்காந்தவியலையும் கொண்டு கணித்தது. இரண்டாவது ஒளியுமிழ்வுக் காலக்கணிப்பைக் கொண்டது. 'அத்திரம்பாக்கம் 15 லட்சம் ஆண்டுப் பழமையானது' என்று எழுதி, சான்றாக 2018ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்றைக் காட்டினால் இரு முடிவுகளும் கலந்துவிடுகின்றன. அதைச் சரிபார்க்கப் போகும் வாசகருக்கு அங்கே வேறு எண் கிடைக்கும். செய்தியைச் சுட்டுவது குற்றமல்ல. ஆனால் எண்ணைச் சொல்பவர் அந்த எண் பிறந்த கட்டுரையைச் சுட்ட வேண்டும். ஃபூட்டின் 1866ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்காமல், அதைப் பற்றிப் பேசும் நூலை மட்டும் படித்தவர் அந்த நூலையே சுட்டி, 'அதில் எடுத்தாளப்பட்டது' என்று குறிக்க வேண்டும். ஏபிஏ முறையில் இதற்குத் தனி வழியே உண்டு.

ஊர்ப்பெயர் எங்கே?

2011, 2018 கட்டுரைகள் இரண்டின் தலைப்பிலும் அத்திரம்பாக்கம் என்ற பெயரே இல்லை. முன்னதில் தென்னிந்தியா, பின்னதில் இந்தியா என்று மட்டும் உள்ளது. உசாத்துணைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அவை எந்த ஊரைப் பற்றியவை என்று தெரியாது. ஆசிரியர் 5 பேருக்கு மேற்பட்டால் முதல் பெயரை மட்டும் தரும் நேச்சர் முறையில், மற்ற ஆய்வாளர்களும் 'மற்றும் பிறர்' என்பதற்குள் மறைந்துவிடுவார்கள்.

எழுத்துக்கூட்டும் ஒரு தடை. அத்திரம்பாக்கம், அதிரம்பாக்கம் எனத் தமிழிலேயே இரு வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். கும்மிடிப்பூண்டி, ஆங்கிலத்தில் 'கும்முடிப்பூண்டி' என்றும் எழுதப்படுகிறது. கொசஸ்தலை ஆற்றுக்குக் கொற்றலை என்ற பெயரும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது. எனவே மாவட்டப் பெயரை மட்டும் இட்டுத் தேடுபவருக்குப் பழைய ஆய்வுகள் கிட்டா.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தின் நிலத்தடி நீரை ஆராயும் மாணவர் ஒரே எழுத்துக்கூட்டில் தேடிவிட்டு 'இங்கு முன்னாய்வு இல்லை' என்று எழுதக்கூடும். அப்போது முந்தைய அளவீடு ஒப்பீட்டுக்கு வராமல் போகும். நீர் கெட்டதா, தேறியதா என்பதைச் சொல்லும் வாய்ப்பு அதனோடு போய்விடும். நட்டம் கிணற்றுநீரைக் குடிப்பவருக்குத்தான்.

குடும்பப்பெயர் என்ற கட்டாயம்

ஏபிஏ, வான்கூவர் முதலிய முறைகள் ஆசிரியர் பெயரைக் 'குடும்பப்பெயர், முதலெழுத்து' என்று திருப்பிப் போடுகின்றன. ஃபூட்டுக்கு இது பொருந்தும். பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை. ஊரும் தந்தை பெயரும் முதலெழுத்துகளாக முன்னால் நிற்கும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதனின் பெயரில் சீ என்பது சீர்காழி, இரா என்பது தந்தை இராமாமிர்தம். 'அரங்கநாதன், சீ. இரா.' என்று திருப்பினாலும் அவர் இயற்பெயரே தலைப்பாக நிற்கும். தமிழ் நூற்பட்டியல்களின் வழக்கமும் இதுவே.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். கடவுச்சீட்டுக்காகத் தந்தை பெயரைப் பின்னால் எழுதுபவரின் ஆய்வு தந்தையின் பெயரில் அடைவாகிறது. கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுக்கும் மென்பொருளில், 'உ. வே. சாமிநாத ஐயர்' என்று இடம்விட்டு எழுதினால் 'ஐயர், உ. வே. சா.' ஆகிறார். பதிப்பாசிரியரின் இயற்பெயர் ஓரெழுத்தாகச் சுருங்க, சாதிப்பெயர் தலைப்பாகிறது. சாதிப்பெயரைக் கைவிட்ட ஒரு சமூகத்தின் அறிவடைவில் அதைத் தலைப்பாக்குவது வெறும் வடிவப்பிழை அல்ல.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. 1978இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரில் பதிய இடமளித்தது. நூலகர்கள் கண்ட இந்த வழியை இதழ்களின் இணையப் படிவங்கள் ஏற்கவில்லை. குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அவற்றில் பலவும் நகரவிடுவதில்லை.

ஆய்வாளர் செய்யக்கூடியவை

முதல் கட்டுரைக்கு முன்பே தம் பெயரின் ஆங்கில வடிவத்தை ஒருமுறை முடிவு செய்து, பிறகு மாற்றாதிருக்க வேண்டும். 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணைப் பெற்றால் பெயர் வடிவங்கள் பிரிந்தாலும் ஆய்வுகள் ஒருவரிடமே சேரும். சொட்டெரோ போன்ற மென்பொருளில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு. தமிழ்ப் பெயர்களுக்கு அதையே பயன்படுத்தலாம். பிறர் பெயரை அவர் எழுதிய வடிவிலேயே தர வேண்டும். பழைய தலைப்பின் எழுத்துக்கூட்டைத் திருத்தக் கூடாது. இன்றைய ஊர்ப்பெயரையும் மாற்று வடிவங்களையும் தம் சுருக்கத்திலும் குறிச்சொற்களிலும் சேர்க்க வேண்டும்.

மதிப்பீடு

மேற்கோள் முறைகள் பயனற்றவை அல்ல. ஒழுங்கு இல்லாவிட்டால் 1866ஆம் ஆண்டு இதழை இன்று யாரும் தேடி எடுக்க முடியாது. ஆனால் அவை ஒரு பண்பாட்டின் பெயரிடு முறையை உலகப் பொதுவாகக் கொண்டவை. தமிழ் ஆய்விதழ்கள் அவற்றை அப்படியே பெயர்த்து வைத்துக்கொள்ளாமல், இயற்பெயரைத் தலைப்பாக்கும் நம் வழக்கத்தைத் தம் விதிகளில் எழுதி வைக்க வேண்டும். காற்புள்ளி இடம் மாறினால் வாசகர் பொறுத்துக்கொள்வார். ஆளும் ஊரும் ஆண்டும் மாறினால் அவரால் சான்றைச் சென்றடைய முடியாது.