அழைப்புக் கடிதம் வரும்வரை

கடற்படையின் அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டம், தண்டால், உட்கார்ந்து எழுவது எல்லாம் முடித்து, மருத்துவரும் தகுதி என்று எழுதிய பிறகு ஒரு காத்திருப்பு தொடங்குகிறது. இறுதிப் பட்டியல் வர வேண்டும். அதில் பெயர் இருந்து அழைப்புக் கடிதமும் வந்தால்தான் ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையிலுள்ள ஐஎன்எஸ் சில்காவுக்கு ரயிலேற முடியும். அங்கே 16 வார அடிப்படைப் பயிற்சி. அதற்குப் பின்புதான் எஞ்சின் பிரிவுக்காரர்கள் லோனாவாலாவின் ஐஎன்எஸ் சிவாஜிக்கும், மின்சாரப் பிரிவுக்காரர்கள் ஜாம்நகரின் ஐஎன்எஸ் வல்சூராவுக்கும், பீரங்கிப் பிரிவுக்காரர்கள் கொச்சியின் ஐஎன்எஸ் துரோணாச்சார்யாவுக்கும் தொழில் கற்கப் போகிறார்கள். எழுத்துத் தேர்விலிருந்து கணக்கிட்டால் வீட்டில் கழிவது சில மாதங்கள். ஓர் ஆள்சேர்ப்பு அணியில் தவறி அடுத்த அணிக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வருடமே ஓடிவிடும். திருச்சி, ஸ்ரீரங்கம், மண்ணச்சநல்லூர், லால்குடி பக்கத்துப் பிள்ளைகள் இந்த மாதங்களைக் கழிக்கும் முறையில் நல்லதும் உண்டு, வீணும் உண்டு. இரண்டையும் நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

வழக்கமாக எல்லோரும் செய்வது ஓட்டம். விடிவதற்கு முன் அண்ணா விளையாட்டரங்கத்திலும், பொன்மலை ஜி கார்னர் மைதானத்திலும், கொள்ளிடக் கரையிலும் இவர்களைப் பார்க்கலாம். உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 வினாடிக்குள்ளும், பெண்கள் 8 நிமிடத்துக்குள்ளும் ஓட வேண்டும். அதற்காகச் சேர்ந்த பயிற்சி அகாடமிக்கே தேர்வு முடிந்த பிறகும் தொடர்ந்து போகிறார்கள். இந்த வழக்கத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு, காலை ஐந்து மணிக்கு எழுந்தே ஆக வேண்டிய ஒரு காரணம் கிடைக்கிறது. அவனைப் போலவே காத்திருக்கும் பத்துப் பேர் கூட இருக்கிறார்கள். "எப்போடா கூப்பிடுறாங்க?" என்று மாமாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் கூனிக் குறுகுவதற்கு, அந்தப் பத்துப் பேரின் துணை நல்ல மருந்து. கிராமத்திலிருந்து முதல் ஆளாகப் படைக்குப் போகிறவனுக்கு, ஏற்கெனவே போய்வந்த ஒரு முன்னாள் வீரரின் பேச்சைக் கேட்கும் இடமும் அகாடமிதான்.

குறை எங்கே என்றால், தேர்வுக்கு முன்பு செய்ததையே தேர்வுக்குப் பின்பும் செய்துகொண்டிருப்பதில். ஓட்டமும் அணிவகுப்பும் சில்காவில் தினமும் கிடைக்கும். அங்கே போய் ஒரு மாதத்தில் வரும் மூச்சுப் பலத்துக்காக இங்கே மூன்று மாதம் தார் ரோட்டில் காலை அடித்துக்கொள்வது லாபமில்லாத செலவு. ஆபத்தும் உண்டு. தேய்ந்த செருப்பு மாதிரியான ஷூவோடு, ஓய்வு நாளே இல்லாமல் ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வருகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். சில்காவில் சேரும்போது மறுபடியும் ஒரு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதில் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேர்வில் ஜெயித்த கால்களைக் காத்திருக்கும்போது கெடுத்துக்கொள்வதைப் போன்ற துக்கம் வேறில்லை. வாரத்துக்கு நான்கு நாள், அதுவும் மண் தரையில், இருக்கிற தகுதி குறையாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஓடினால் போதும்.

மிச்ச நேரத்தை எதற்குக் கொடுப்பது? 16 வாரத்தில் சில்கா அவசரமாகக் கற்றுக்கொடுக்க முடியாதது எதுவோ, நான்கு வருடம் கழித்துக் கப்பலை விட்டு இறங்கினாலும் கையில் நிற்பது எதுவோ, அதற்குத்தான் என்பது என் முடிவு. அக்னிவீர்களைச் சேர்க்கும் அக்னிபாத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணியில் சுமார் 2,600 பேர். அவர்களில் 273 பேர் பெண்கள். 2023 மார்ச் 28 அன்று அந்த அணியின் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடந்தது. பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன்பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர். மற்றவர்கள் பணி முடிவில் கிடைக்கும் பத்து லட்சத்துச் சொச்சம் சேவா நிதியோடு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் மறுபடியும் திருச்சி ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். ஆகவே இன்றைய காத்திருப்பு, நாளை வரப்போகும் அந்த இரண்டாவது காத்திருப்புக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நீச்சல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் ஸ்ரீரங்கத்தில் நிறையப் பேர். வீட்டில் ஆற்றுப் பக்கம் விடமாட்டார்கள். அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது. முக்கொம்பு அணையில் திறக்கும் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் உயிர்கள் போயிருக்கின்றன. தெரிந்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றில் பழகியவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கையை அகலமாக அடித்து, நீரோட்டத்தின் துணையில் போகிறவன். நிற்கிற தண்ணீரில், ஆழமான பக்கத்தில், அவனை ஐந்து நிமிடம் அப்படியே மிதக்கச் சொன்னால் மூச்சு வாங்கிவிடும். கடற்படையில் நீச்சல் கட்டாயம். உயரத்திலிருந்து குதிக்கவும், குதித்த இடத்தில் பதறாமல் மிதக்கவும் வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் பயிற்சி நேரம் போக மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்திலும் நீச்சல் குளத்தில் நிற்க வேண்டியிருக்கும். அண்ணா விளையாட்டரங்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. பயிற்சியாளர் முன்னிலையில் முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை விடுவது, மல்லாந்து மிதப்பது, நின்ற இடத்தில் காலை மிதித்து மேலே நிற்பது ஆகிய மூன்றையும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஓட்டத்துக்குப் போகும் கூட்டத்தில் பாதி அங்கே போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். இருட்டோடு கொள்ளிடக் கரையில் ஓட அவர்களால் முடிவதில்லை. வீட்டு வேலையும் தம்பி தங்கையும் அவர்கள் தலையில்தான். தேர்வாகியும் "இன்னும் லெட்டர் வரலையே" என்று கல்யாணப் பேச்சை எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. அக்னிவீராகச் சேர மணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதை வீட்டுக்குப் புரியவைப்பதே ஒரு போராட்டமாகிவிடுகிறது.

அடுத்தது தொழில். இங்கே ஒரு தவறான வியாபாரம் நடக்கிறது. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது தேர்வாகும்போது தெரியாது. அதைக் கடற்படைதான், தன் தேவையையும் பயிற்சியில் அவரவர் காட்டும் தகுதியையும் பார்த்துத் தீர்மானிக்கும். அப்படியிருக்க, ரேடார், நீர்மூழ்கி என்று பெரிய பெயர்களைச் சொல்லிக் கட்டணம் வாங்கும் குறுகிய கால வகுப்புகளில் பணத்தைப் போடுவதில் அர்த்தமில்லை. எந்தப் பிரிவுக்குப் போனாலும் உதவுவது கைப்பழக்கம். ஸ்பேனரைச் சரியான அளவில் எடுப்பது, மல்ட்டிமீட்டரில் எதை எங்கே தொட்டு அளப்பது, கிரீஸ் எங்கே போடக் கூடாது என்பதெல்லாம் புத்தகத்தில் வராது. திருவெறும்பூர் அரசு ஐடிஐயும், பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளும், பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் நிறைந்த ஊர் இது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தோடு செய்த 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் 2021இல் கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் ஒப்படைக்கப்பட்டன. கப்பல் ஆடினாலும் குறி தவறாமல், தூரத்திலிருந்தே இயக்கக்கூடியவை அவை. கடலே இல்லாத இந்த ஊரின் கைவேலை கப்பல் மேல்தளத்தில் நிற்கிறது. பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மாதம் எடுபிடியாக நின்ற பையன், லோனாவாலாவில் டீசல் எஞ்சினைத் திறக்கும்போது மிரள மாட்டான்.

கயிறும் அப்படித்தான். கோபுரத் திருப்பணிக்கோ மாடி வீட்டுக்கோ சாரம் கட்டுகிறவரின் கையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சவுக்குக் கழியில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே குறுக்காக ஏற்றி, இரண்டாவது சுற்றின் அடியில் முனையை நுழைத்து ஒரே இழுப்பு. பாரம் ஏற ஏற இறுகும். வேண்டும்போது முனையைப் பின்னால் தள்ளினால் நெகிழ்ந்துவிடும். கப்பலில் இதையே க்ளோவ் ஹிட்ச் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ளச் செலவு ஒரு முழம் கயிறு. சமையல், பரிமாறும் பிரிவுகளுக்குப் போகும் எம்ஆர் (மெட்ரிக் ரெக்ரூட்) பிள்ளைகளுக்கு ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களை விட நல்ல பள்ளி கிடையாது. முந்நூறு இலைக்கு அரிசி எத்தனை படி, சாம்பாரை எப்போது இறக்குவது, பந்தி நடுவில் ரசம் தீர்ந்தால் என்ன செய்வது என்பதை மாஸ்டரின் பக்கத்தில் நின்று ஒரு முகூர்த்த மாதத்தில் கற்றுவிடலாம். கூலியும் கிடைக்கும். சாப்பாடு டெலிவரிக்கு பைக் ஓட்டிச் சம்பாதிக்கும் பையன்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அதே அளவு பணத்தோடு ஒரு தொழிலும் கையில் ஏறும் என்றால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ராத்திரி ரோட்டில் பைக் விபத்து என்பது இவர்களுக்குச் சாதாரண ஆபத்தில்லை. ஒரு கை உடைந்தால் வேலையே போய்விடும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் அரசியலைக் கலக்க நான் விரும்பவில்லை. அணிவகுப்புக் கட்டளைகள் ஹிந்தியில் வருகின்றன. பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உடன் படுத்துறங்குகிறவன் ஹரியானாக்காரனாகவோ பீகார்க்காரனாகவோ இருப்பான். முதல் மாதத்தில் தமிழ்ப் பையன்கள் படும் திண்டாட்டத்தில் பாதி, சொன்னது காதில் விழுந்தும் புரியாமல் நிற்பதுதான். தென்னூரில் தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபா இருக்கிறது. தேர்வுக்காக எழுத்தைக் கற்பதை விட, கேட்டுப் புரிந்துகொண்டு நாலு வாக்கியம் பதில் சொல்லக் கற்பதே இங்கே அவசரம். அதைவிட அவசரம் ஆங்கிலம். ஒரு பம்ப்பின் இயக்கக் குறிப்பைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன், பணி முடித்து வெளியே வந்தாலும் வணிகக் கப்பலிலோ தொழிற்சாலையிலோ நிமிர்ந்து நிற்பான்.

சின்ன விஷயங்களைச் சொல்லாமல் விடுவதால்தான் பெரிய நஷ்டம் வருகிறது. காதில் அழுக்கில்லாமல், பல்லில் காரையில்லாமல் வரச் சொல்லிக் கடற்படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் போய், காதுக்குள் பார்க்க முடியவில்லை என்று நிறுத்திவைக்கப்படுவது எத்தனை வேதனை. காத்திருக்கும்போதே ஒரு நாள் பல் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் போய்வந்துவிட வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து பச்சை குத்திக்கொள்ளும் ஆசையையும் ஒத்திப்போட வேண்டும்.

எல்லாப் பொறுப்பையும் பிள்ளைகள் தலையில் சுமத்துவதும் நியாயமில்லை. கனடாவில் அடிப்படைப் பயிற்சி முடித்துத் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களைத் தனிக் குழுவாக வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். சில்லறை வேலைகளில் மாதங்கள் போகின்றன என்ற முணுமுணுப்பு அங்கும் உண்டு. ஆனாலும் அவர்கள் படையின் ஆட்கள் என்பதில் சந்தேகமில்லை. இங்கே சில்கா வாசலைத் தொடும்வரை பிள்ளை யாருடைய கணக்கிலும் இல்லை. அந்த மாதங்களின் செலவு முழுக்க அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போகிறது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திறன் மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருக்கிறது. ஐடிஐகளில் மாலையில் பூட்டிக்கிடக்கும் பட்டறைகள் இருக்கின்றன. மருத்துவத் தகுதி பெற்றவர்களுக்கு இந்த மூன்றையும் இரண்டு மாதம் இலவசமாகத் திறந்துவிடப் புதிதாக ஒரு கட்டடம்கூட வேண்டாம். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் அடுத்த அணிக்கே செய்துவிடலாம்.

கடைசியாக, என்னை மிகவும் கவலைப்படுத்தும் வழக்கம் ஒன்று. மருத்துவத் தகுதி கிடைத்த மறுவாரமே கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். "நேவி கிடைச்சிருச்சு சார், இனிமே எதுக்கு பி.எஸ்சி.?" என்று கேட்கிறார்கள். தகுதி பெற்ற எல்லோருக்கும் அழைப்பு வருவதில்லை. காலியிடங்களுக்கு ஏற்பத் தகுதி வரிசையில்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டியலும் அந்த ஓர் அணிக்கு மட்டுமே செல்லும். அடுத்த அணிக்கு முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்குள் வயது 21ஐத் தாண்டிவிட்டால் அதுவும் இல்லை. வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல், கப்பலும் இல்லாமல் நிற்கும் பையனுக்கு யாரிடமும் பதில் கிடையாது. கப்பல் கிடைத்தாலும் படிப்பு வீண் போகாது. அக்னிவீர்களின் பணிப் பயிற்சியைப் பாதிப் பாட அலகுகளாக (கிரெடிட்) ஏற்கும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பை இக்னோ பல்கலைக்கழகத்தின் வழியாக 2022 ஜூனிலேயே அறிவித்திருக்கிறார்கள். படிக்கும் பழக்கம் அறுந்துபோகாதவனுக்கே அது பயன்படும். கல்லூரியில் கொடுத்த அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன, அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதுவதை அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு செய்துகொள்ளலாம். அதுவரை வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சைக் கட்டணமும் கட்ட வேண்டும்.