வேகம் குறையட்டும், ஆழத்தைப் பாருங்கள்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில் டிங் லிரன் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டன. குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்து அந்த ஜோடியையும் மாற்றிக்கொள்ள வைத்தார். மிஞ்சியவை இரண்டு ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும்தான். நம் சென்னைப் பையன் உலக சாம்பியன் ஆனார்!

இந்த மாதிரி ராஜா–சிப்பாய் முடிவாட்டங்களில்தான் செஸ் என்ஜினுக்கு ஹாஷ் டேபிளின் அருமை தெரியும். ராஜா எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் கடைசியில் நிற்பது அதே கட்டத்தில்தான். ஒருமுறை கணக்கிட்ட நிலையை ரேமில் உள்ள இந்த டேபிளில் குறித்து வைத்தால் மறுபடி கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கும் வழியை ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இலேயே சொல்லிவிட்டார்.

ஸ்டாக்ஃபிஷ் என்ஜினை நிறுவியதும் ஹாஷ் 16 எம்பியில் இருக்கும். 32 பைட்டுக்கு மூன்று பதிவுகள் வீதம் சுமார் 15.7 லட்சம் பதிவுகள். சாதாரண லேப்டாப்பே நொடிக்கு 10 லட்சம் நிலைகளைச் சர்வசாதாரணமாக அலசுகிறது. அப்படியானால் 16 எம்பி எத்தனை நொடி தாங்கும்? நிரம்பியதும் பழைய பதிவுகள் அழிபடும். போட்ட கணக்கையே என்ஜின் திரும்பப் போடும். 1 ஜிபி கொடுத்தால் 10 கோடிப் பதிவுகள்.

மதுரையின் பரவை, விளாங்குடி, சமயநல்லூர் பக்கம் பிள்ளைகளை வீட்டில் உட்கார்த்தி ஆட்டங்களை அலசும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஹாஷைக் கூட்டியதும், நொடிக்கு இத்தனை நிலைகள் என்று திரையில் ஓடும் எண் சற்று இறங்கும். அவ்வளவு பெரிய அட்டவணை பிராசஸரின் கேஷ் நினைவகத்தில் அடங்காது. ஒவ்வொரு தேடலுக்கும் ரேம் வரை போய்வர வேண்டும். அதைக் கண்டு பயந்து 16-க்கே திரும்பிவிடாதீர்கள். தேடல் ஆழம் (depth) 30-ஐ என்ஜின் எத்தனை நிமிடத்தில் தொடுகிறது என்று பாருங்கள். நீண்ட அலசலில் அதுதான் உண்மையான வேகம்.

அதற்காக 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் 3 ஜிபியை ஹாஷுக்குக் கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க்கைத் தேடி ஓடும், எல்லாமே நொண்டும். அந்த லேப்டாப்புக்கு 512 எம்பி போதும். பத்து நொடிப் பார்வைக்கு 64 எம்பியே தாராளம்.

இன்னொன்று. பிள்ளை தோற்ற ஆட்டத்தைக் கடைசி நகர்த்தலிலிருந்து பின்னோக்கி, நடுவில் ஹாஷை அழிக்காமல் அலசுங்கள். பின்னால் கண்டுபிடித்த பதில்கள் ரேமில் இருப்பதால், முன்னால் எந்த நகர்த்தலில் சறுக்கினான் என்பதை என்ஜின் சீக்கிரமே காட்டிவிடும்.