கம்பெனிகள் போட்ட கோடு

அண்மைக்காலமாகப் பழைய அமெரிக்க இசைப்பதிவுகளை வகை பார்க்காமல் கால வரிசையில் கேட்டுவருகிறேன். ஜாஸ், புளூஸ், ராக், கன்ட்ரி என்ற பிரிவினை அப்படிக் கேட்கும் காதில் நிற்பதே இல்லை. அது பெரிதும் விற்பனைக்காக ஏற்பட்ட பிரிவினை. 1920களில் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும், தெற்கத்தி வெள்ளையர்களின் தட்டுகளை 'ஹில்பில்லி' என்றும் கம்பெனிகள் தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றன. இரண்டு பட்டியலுக்கும் பாடகர்களைத் தேடிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பியர். 1927இல் டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் நகரில் அவர் முதன்முதலாகப் பதிவுசெய்த ஜிம்மி ராட்ஜர்ஸைத்தான் இன்று கன்ட்ரி இசையின் தந்தை என்கிறார்கள்.

அந்த ராட்ஜர்ஸ் 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் பாடிய 'புளூ யோடல் எண் 9' நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதிவு. டிரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். தட்டின்மேல் இருவர் பெயரும் இல்லை. ராட்ஜர்ஸ் தாளக் கணக்குக்குக் கட்டுப்படுகிறவர் அல்லர். மூச்சு போகிற போக்கில் ஓர் அடியை நீட்டுவார், இன்னொன்றைச் சுருக்குவார். பியானோ பதறாமல் கூடவே போகிறது. வரி முடிகிற இடத்தில் ஆம்ஸ்ட்ராங் புகுந்து பதில் சொல்கிறார். குரல் மறுபடி எழும்போது ஒதுங்கி வழிவிடுகிறார். புளூஸ் பாடகர்கள் காந்தாரத்தைச் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் வளைத்து நிறுத்துவார்கள். அந்த நெளிவு ராட்ஜர்ஸின் குரலிலும் இருக்கிறது, டிரம்பெட்டிலும் இருக்கிறது. இதை எந்த அலமாரியில் வைப்பது?

1954இல் மெம்ஃபிஸின் சன் கம்பெனி வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு இன்னும் வெளிப்படை. ஒரு பக்கம் கறுப்பினப் பாடகர் ஆர்தர் குரூடப்பின் புளூஸ். மறுபக்கம் பில் மன்றோவின் புளூகிராஸ் பாட்டு. டிரம்ஸ் கிடையாது. பில் பிளாக் பாஸ் கம்பிகளை அறைந்து எழுப்பும் சத்தமே தாளம். மன்றோவின் நிதானமான மூன்றடித் தாளம் இங்கே நாலடியாகி ஓடுகிறது. அடுத்த ஆண்டு சக் பெர்ரி 'ஐடா ரெட்' என்ற பழைய ஃபிடில் பாட்டை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றி 'மேபலின்' ஆக்கினார். ராக் பிறந்த விதத்தை அறிய இவ்விரண்டு தட்டும் போதும்.

ஜாஸ் நமக்கு எட்டாது என்று தயங்குகிறவர்கள் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வை (1959) கேட்க வேண்டும். அதில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ஆல் புளூஸ்' இரண்டும் பன்னிரண்டு தாளச் சுற்றுகள் (பார்) கொண்ட புளூஸ் அமைப்பில் நிற்பவை. 'ஃப்ரெடி'க்கு மட்டும் பில் எவன்ஸுக்குப் பதிலாக வின்டன் கெல்லியைப் பியானோவில் உட்காரவைத்தார் மைல்ஸ். கெல்லியின் விரல்களில் புளூஸ் ஊறியிருந்தது. முதல் தனி வாசிப்பே அவருடையதுதான்.

கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸின் 1962ஆம் ஆண்டு ஆல்பம் 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. வயலின் கூட்டமும் கோரஸும் சில பாடல்களைத் திகட்டவைக்கின்றன. ஆனால் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் 'யூ வின் அகெய்ன்' ரே சார்ல்ஸின் குரலில் வரும்போது, ஹாங்க் அடக்கிவைத்திருந்த அழுகை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கன்ட்ரி பாடல்களின் துயரத்தை இவ்வளவு ஆழமாகத் தொட்டவர்கள் மிகச் சிலரே. நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் 1961இல் முதலில் சேர்த்துக்கொண்ட மூவரில் ராட்ஜர்ஸும் ஹாங்கும் உண்டு. ரே சார்ல்ஸை அது தேர்ந்தெடுத்தது 2021இல், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து.