பார்க்காமலே திருகலாம்: கார்மின் ஜிஎன்எஸ் 430டபிள்யூ

சிறு விமானங்களில் ஜிபிஎஸ் வழிகாட்டியாகவும் ரேடியோவாகவும் இருக்கும் இந்தப் பெட்டியின் வலது ஓரத்தில் ஒரே அச்சில் இரண்டு குமிழ்கள். வெளிக்குமிழை வலப்புறமாக வேகமாகத் திருகிக்கொண்டே போனால், எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கடைசிப் பக்கத் தொகுதிக்கு வந்து சேரும். அதற்குமேல் எவ்வளவு சுற்றினாலும் நகராது. பிறகு உள்குமிழை இடப்புறம் திருகிவிட்டால் அத்தொகுதியின் முதல் பக்கம் வரும். அருகிலுள்ள விமான நிலையங்கள் அதில்தான் இருக்கின்றன: திசை, தூரம், ரேடியோ அலைவரிசை, ஓடுபாதையின் நீளம். எஞ்சின் திணறும் நேரத்தில் விமானிக்கு வேண்டியது இவ்வளவுதான், அதைத் திரையைப் பார்க்காமலே வரவழைத்துவிடலாம். 1998-இல் வந்த 430-இன் வாரிசான இது, நான் கட்டிய ஆர்வி-6-இல் இன்னும் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆர்வி-6 ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் வடிவமைத்த, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் விமானம். வீட்டில் கட்டுகிறவருக்கு அமெரிக்காவில் பெரிய சுதந்திரம் உண்டு: பேனலில் எதை வைப்பது என்று அவரே முடிவு செய்யலாம், ஒயரிங்கும் அவரே செய்யலாம். அந்தச் சுதந்திரத்தைப் பலரும் பேனல் முழுக்கத் தொடுதிரையாக நிரப்பத்தான் பயன்படுத்துகிறார்கள். தரையில் நிற்கும்போது அது அழகுதான். கோடை மதியத்தில் கேஸ்கேட் மலைகளைத் தாண்டிக் கிழக்கு ஓரிகனுக்குள் போய்ப் பாருங்கள். சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்று இந்தச் சின்ன விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். நீட்டிய கை ஓரிடத்தில் நிற்காது. ஒரு கட்டத்தைத் தொடப்போன விரல் பக்கத்துக் கட்டத்தில் விழும், அதைச் சரிசெய்யக் குனிந்த தலை நிமிர மறந்துபோகும். 2011-இல் வந்த கார்மினின் தொடுதிரைக் கருவியான ஜிடிஎன் 650-இல் விரல் ஊன்ற விளிம்பு உண்டு, ஓர் இரட்டைக் குமிழும் உண்டு. ஆனாலும் வேலையில் பெரும்பங்கு தொடுதிரையில்தான்.

430-இல் குமிழைப் பிடித்த கை அதையே ஆதாரமாகக் கொண்டு நிற்கும். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரியும். ரேடியோவில் ஒரு கிளிக் 25 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால், வெளியே பார்த்தபடியே எண்ணி அடுத்த அலைவரிசைக்குப் போகலாம். அலைவரிசை மாற்றும் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அவசர அலைவரிசையான 121.5 வந்துவிடும். பக்கங்களுக்குள் எங்கோ தொலைந்துபோனால் சிஎல்ஆர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும். விமானியின் கைகளை நன்றாக அறிந்த யாரோ வடிவமைத்த கருவி இது.

அதே கைகள் எழுத்து உள்ளிடும்போது படும் பாட்டை மட்டும் வடிவமைத்தவர் நினைக்கவில்லை. வெளிக்குமிழால் இடத்தை நகர்த்தி, உள்குமிழால் எழுத்தைத் தேடி, ஒவ்வொரு பெயராக உள்ளிட வேண்டும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டிக்கு விக்டர் வான்வழிகள் என்ற, எண்ணிட்ட வழிகள் தெரியாது என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வழியின் எண்ணை மட்டும் சொல்லி அனுமதி தருவார். நாம் வரைபடத்தைப் பார்த்து, அந்த வழியின் திருப்பங்களை ஒவ்வொன்றாகத் திருகித் திருகிச் சேர்க்க வேண்டும். பறந்துகொண்டிருக்கும்போது அவர் வழியை மாற்றினால், ஆட்டோபைலட் இல்லாத விமானத்தில் இது ஆபத்தான வேலை. ஜிடிஎன்-க்கு வான்வழிகளைக் கற்றுத்தந்த கார்மின், 430-க்குக் கடைசிவரை தரவில்லை. இத்தனை விமானங்களில் ஏறிய கருவிக்கு அதைச் செய்திருக்க வேண்டும்.

பழையதாக வாங்குகிறவர்கள் டபிள்யூ என்ற எழுத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். அது இருந்தால்தான் ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்யும் வாஸ் திருத்தம் கிடைக்கும். அந்தத் திருத்தத்தால் உயரத்தையும் வழிகாட்டும் எல்பிவி இறங்குமுறையில், நல்ல ஓடுபாதைகளில் தரைக்கு 200 அடி உயரம் வரைகூட மேகத்துக்குள்ளேயே இறங்கி வரலாம். அதற்குப் பழைய 430-இன் ஆன்டெனா உதவாது, வாஸுக்கு ஏற்றது வேண்டும். சில பழைய பெட்டிகளின் ரேடியோ 28 வோல்ட்டில் மட்டுமே வேலை செய்யும். வீட்டில் கட்டிய விமானங்களில் பெரும்பாலும் 14 வோல்ட்தான் என்பதால், பணம் கொடுக்குமுன் பாக எண்ணைப் பாருங்கள். பெட்டி செருகும் தட்டும் இணைப்பிகளும் சேர்த்துக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை வரும் தரவுப் புதுப்பிப்புக்குக் கார்டு ரீடர் தனியாக வேண்டும்.

உற்பத்தி நின்றுவிட்டதால் திரை போனால் என்ன செய்வது என்ற கவலை நியாயமானது. பழுதுபார்க்க முடியாத நாள் வரும் என்று கணக்கிட்டுத்தான் இதை வாங்க வேண்டும், அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். ஆனால் ஒயரிங் வீணாகாது. அவிடைனின் ஐஎஃப்டி440 இதே தட்டில், இதே இணைப்பிகளில் அப்படியே செருகிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதற்கு வான்வழிகள் தெரியும். தொடுதிரை இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் குமிழ்களாலும் பொத்தான்களாலும் செய்துகொள்ளலாம். என் பெட்டி ஓய்ந்தால் நான் வாங்கப்போவது அதைத்தான்.